சயானும் சீயோனும்



மும்பை மாநகரின் மத்திய இரயில் பாதையில், மாட்டுங்காவுக்கும் குர்லாவுக்கும் இடையே சயான் என்றொரு நிலையம் உண்டு. மேற்குப் பக்கம் இறங்கினால் தாராவி. கிழக்கே சிறிது தூரம் நடந்தால் ஒரு குன்றும், அதன் உச்சியில் சிதைந்த கோட்டையும் தென்படும். பம்பாய்த் தீவு ஆங்கிலேயர் வசமும், அதற்கு வடக்கே சாஷ்டித் தீவு போர்த்துக்கீசியர் வசமும் இருந்த நாளில், 1669க்கும் 1677க்கும் இடையே, ஆங்கிலேயர் தம் எல்லையைக் காக்க எழுப்பிய கோட்டை அது. எல்லைக்கு மராத்தி மொழியில் 'ஷீவ்' என்று பெயர். நிலையத்துப் பலகையில் மராத்தி எழுத்தில் 'ஷீவ்' என்றே எழுதியிருக்கிறது. அச்சொல் ஐரோப்பியர் நாவில் திரிந்து, பின்னர் நம்மவர் வாயில் சயான் ஆயிற்று என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. எருசலேம் நகரத்துச் சீயோன் மலையை நினைந்து ஏசு சபைப் பாதிரிமார் இட்ட பெயர் என்பாரும் உளர்.

தாராவியில் வாழும் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களுள் முதியோர் சிலர்க்கு இந்த இரண்டாவது கருத்திலேதான் விருப்பம். சயான் என்னாமல் சீயோன் என்றே சொல்லும் மூதாட்டி ஒருவரை நாம் அறிவோம். தோல் பதனிடும் தொழிலை நாடி வந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு இந்நகருக்கு வந்தவர். நாமோ நாசரேத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். "நாசரேத்திலேயிருந்து சீயோனுக்கு நேர் ரயிலு உண்டா தம்பி?" என்று ஒரு நாள் அவர் நம்மை வேடிக்கையாகக் கேட்டதுண்டு. மராத்திச் சொல்லின் வரலாற்றை எடுத்துரைத்து அவரைத் திருத்த நமக்கு மனம் வரவில்லை.

நாம் மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணி புரிபவர். ஆங்கிலச் சுற்றறிக்கையை இந்தியிலும், இந்திச் சுற்றறிக்கையை ஆங்கிலத்திலும் ஆக்குவது நம் அன்றாடத் தொழில். தமிழுக்கு அங்கே இடமில்லை. ஆயினும் சென்ற ஆண்டில் ஒரு ஞாயிறு மாலை, ஆண்டாப் குன்றுப் பகுதியிலுள்ள நம் குடியிருப்புக்கு இளைஞர் மூவர் வந்தனர். சயானுக்கும் தாராவிக்கும் இடைப்பட்ட சந்து ஒன்றில் வாடகை அறையில் கூடும் தமிழ் ஜெபக் கூட்டத்தைச் சார்ந்தவர்கள். அங்கே வழங்கும் பழைய வேதப் புத்தகத்தின் தமிழ் தங்களுக்கு விளங்கவில்லை என்றும், 1995ஆம் ஆண்டில் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் கூடி வெளியிட்ட 'திருவிவிலியம்' என்னும் புதிய மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளலாம் என்றால் முதியோர் மறுக்கின்றனர் என்றும் முறையிட்டனர். "நீங்கள் மொழிபெயர்ப்பாளர் ஆயிற்றே, எது சரியான தமிழ் என்று வந்து சொல்லுங்கள்" என்பது அவர்கள் வேண்டுகோள். அவருள் ஒருவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினான். அதில் தமிழ் ஜெபம் ஒன்று தேவநாகரி எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. தமிழ் பேசுவான், பாடுவான். எழுத்து மட்டும் அறியான்.

அந்தத் தாளைக் கண்டதும் நமக்கு முதலில் வருத்தமே உண்டாயிற்று. பிறகு வேறொரு நினைவு வந்தது. தமிழ் முதன்முதல் அச்சேறியதும் தன் எழுத்தில் அன்று. 1554ஆம் ஆண்டில், போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில், கிறிஸ்தவ ஜெபங்கள் அடங்கிய சிறு நூலொன்று அச்சாயிற்று. தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அமைத்து, சொல்லுக்குச் சொல் போர்த்துக்கீசியப் பொருளும் கொடுத்திருந்தனர். அதனை ஆக்கித் தந்தவர் மூவர்: வின்சென்ட் தெ நசரேத், ஜோர்ஜ் கர்வால்யோ, தோமா த குருஸ். பெயர்கள் போர்த்துக்கீசியப் பெயர்களாயினும் மூவரும் முத்துக்குளித்துறையைச் சேர்ந்த தமிழர். கடல் கடந்த ஊரில் இருந்துகொண்டு, தம் மொழியை அந்நிய எழுத்தில் எழுதிய அம்மூவரும், சயான் சந்தில் தேவநாகரியில் தமிழ் எழுதிய இளைஞனும் ஒரே வகையினர் அல்லரோ?

இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 1578 அக்டோபர் 20ஆம் நாள், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. பதினாறு பக்கங்களே கொண்ட அச்சிறு நூல் தமிழ் எழுத்திலேயே அமைந்தது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல்களுள் அதற்கே முதலிடம் தருவர். மொழிபெயர்த்தவர் அண்டிரிக் அடிகளார் எனப்பட்ட ஹென்றிக்கே ஹென்றிக்கசு பாதிரியார். இங்கே நாம் கருதவேண்டுவது அந்நூலின் தலைப்பு. இறைவனைக் குறிக்க அவர் தேர்ந்தெடுத்த சொல் 'தம்பிரான்'. சைவ மடங்களில் வழங்கிய சொல். ஊர் மக்கள் நாவிலும் இருந்த சொல். இறைவனுக்குத் தமிழில் என்ன பெயர் என்னும் கேள்வி அன்று தொடங்கிற்று. நம்மைத் தேடி வந்த மூவரின் வழக்கும் உண்மையில் இந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

அடுத்து வருபவர் சீகன்பால்கு. ஜெர்மானியராகிய அவர் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது அவருக்கு வயது இருபத்து மூன்று. மொழி கற்றுக்கொடுக்க எவரும் முன்வராதபோது, முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் இல்லத்துக்கே வரவழைத்து, பிள்ளைகள் நடுவே தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழெழுத்தைப் பயின்றார். நம் தொழில் முன்னோர் ஒருவரும் இங்கே வருகிறார். டேனிஷ் கம்பெனியில் துபாஷியாக இருந்தவரும், ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தவருமான அழகப்பன் என்பவரே சீகன்பால்குக்குப் பேச்சுத் தமிழ் கற்பித்தார். துபாஷிகளைப் பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. இருவரை இணைத்துவிட்டு இடையிலிருந்து மறைந்துவிடுவது அத்தொழிலின் இயல்பு போலும்.

1708இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கிய சீகன்பால்கு, அவ்வாண்டின் இறுதியில் டேனிஷ் ஆளுநரோடு ஏற்பட்ட பிணக்கால் நான்கு மாதம் சிறையில் இருந்தார். 1711இல் மொழிபெயர்ப்பு முடிந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த தமிழ் எழுத்துருக்கள் மிகப் பெரியனவாயிருந்தன, தாளோ அருமை. ஆகவே சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்து, 1714இலும் 1715இலுமாக அச்சிட்டு முடித்தனர். தாளுக்காகப் பொறையாறில் ஒரு காகித ஆலையும் எழுந்தது. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு இதுவே. அதில் இறைவனுக்கு வந்த பெயர் 'சருவேசுரன்'. பழைய ஏற்பாட்டை ரூத்தின் சரித்திரம் வரையில் மொழிபெயர்த்த நிலையில், 1719இல், முப்பத்தாறு வயதில் அவர் மறைந்தார். அவர் சேகரித்து அட்டவணைப்படுத்திய தமிழ்ச் சுவடிகள் நூற்றுக்கும் மேற்பட்டவை. மாற்ற வந்த சமயத்தை இவ்வளவு ஊன்றிப் படித்தவர், படித்த பின்னும் அதனை மாற்றவே முயன்றார். இவ்விரண்டும் ஒரே மனத்தில் எங்ஙனம் தங்கின என்பது நமக்கு இன்றும் வியப்பாகவே உள்ளது.

சென்னை வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியுசை வேத மொழிபெயர்ப்பாளருள் தலையாயவர் எனலாம். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்து கொண்டுவந்த அச்சு இயந்திரம், அரசாங்கத்தின் அச்சு வேலைகளையும் செய்து தரவேண்டும் என்னும் நிபந்தனையோடு வேப்பேரி மிஷனுக்குக் கிடைத்தது. அவ்வச்சகத்தில் 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது. 1779இல் அவருடைய தமிழ் அகராதியும் வந்தது. ஜெர்மானியக் கீர்த்தனைகளை அவர் தமிழாக்கித் தந்த ஞானப்பாட்டுக்கள் இன்றும் பாடப்படுகின்றன. சொல்லில் அத்தனை கவனம் உடையவர் பணத்தில் ஏமாந்தார். பிறர் நம்பி ஒப்படைத்த தொகைகளைக் கடன் கொடுத்து இழந்து, முதுமையில் கடனாளிச் சிறையிலும் இருந்து, 1791இல் காலமானார்.

பப்ரிசியுசு இறைவனுக்கு அமைத்த சொல் 'பராபரன்'. தாயுமானவர் பராபரக்கண்ணி பாடியதும் அந்த நூற்றாண்டிலேதான். திருச்சிராப்பள்ளியில் சைவ அடியார் ஒருவர் எந்தப் பெயரைச் சொல்லி உருகினாரோ, அதே பெயரைச் சென்னையில் ஒரு ஜெர்மானியர் வேதத்தின் முதற் பக்கத்திலேயே எழுதினார். ஒருவரிடமிருந்து மற்றவர் எடுத்துக்கொண்டார் என்று நாம் சொல்ல வரவில்லை. தமிழில் அச்சொல் இருவர்க்கும் பொதுவாய்க் கிடந்தது என்பதே செய்தி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுசு அடிகளார், பப்ரிசியுசின் தமிழ் கரடுமுரடானது என்று கருதிப் புதிய ஏற்பாட்டைத் திருத்தி எழுதினார். 1833இல் அது வெளிவந்தது. உடனே எதிர்ப்பும் கிளம்பிற்று. எதிர்த்தவருள் முதல்வர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். பெத்லகேம் குறவஞ்சி பாடிய பெரும்புலவர். தலைமுறை தலைமுறையாய் ஓதிய வேதத்தில் கை வைப்பது தகாது என்பது அவர் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் முழுமையையும் சொல்லிவிட வேண்டும். அதே நாளில் புதிய மிஷனரிமார், கோயிலில் சாதிவாரியாக அமரும் வழக்கத்தையும் ஒழிக்க முற்பட்டனர். சாஸ்திரியார் அதனையும் எதிர்த்தார். பழைய சொல்லுக்காகப் போராடியவர் பழைய பாய்க்காகவும் போராடினார். தாராவியில் பழைய வேதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் எந்தப் பாயில் இடமின்றி நின்றனர் என்பதை எண்ணும்போது, பழமையைப் போற்றும் நம் நாவும் சற்றுத் தயங்குகிறது.

பிறகு காட்சி யாழ்ப்பாணத்துக்கு மாறுகிறது. அங்கே பெர்சிவல் பாதிரியார் வேதத்தை மீண்டும் தமிழாக்கத் தொடங்கினார். அவருக்குத் துணை நின்றவர் யார் என்பது பலர்க்கும் வியப்பளிக்கும். அவர் நல்லூர் ஆறுமுக நாவலர்! திருநீற்றை விடாத சைவர். பின்னாளில் கிறிஸ்தவப் பிரசாரத்தை எழுத்தாலும் சொல்லாலும் எதிர்த்து நின்றவர். இளமையில் பெர்சிவலின் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, வேதத்தின் தமிழைச் செப்பம் செய்தவர். இருவரும் சென்னைக்கு வந்து மழவை மகாலிங்கையரிடம் மொழிபெயர்ப்பைக் காட்ட, அவர் அதன் நடையைப் பாராட்டினார் என்று நாவலர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். 1848இல் நாவலர் பிரிந்து சென்று வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். 1850இல் வேதம் வெளிவந்தது. அதில் பராபரன் போய்த் 'தேவன்' வந்தார்.

சென்னையிலும் தென்பாண்டியிலும் இருந்த சபையார் யாழ்ப்பாணப் பதிப்பை ஏற்கவில்லை. தேவர்கள் பலர் என்று நம்பும் நாட்டில் தேவன் என்னும் சொல் ஒப்பற்ற ஒருவனைக் குறிக்குமா என்பது ஒரு கட்சி. பராபரன் தத்துவச் சொல், மக்கள் சொல் அன்று என்பது மற்றொரு கட்சி. முடிவில் பல சபைகளின் பிரதிநிதிகள் அடங்கிய குழு ஒன்று, போவர் ஐயர் தலைமையில், பப்ரிசியுசையும் யாழ்ப்பாணப் பதிப்பையும் அருகருகே வைத்துப் பல்லாண்டு ஆராய்ந்து, 1871இல் ஐக்கியப் பதிப்பை முடித்தது. தேவன் நிலைத்தார். லுத்தரன் சபையார் மட்டும் நெடுங்காலம் பராபரனை விடவில்லை.

சயான் மூதாட்டியின் கையிலிருப்பது அந்த 1871ஆம் ஆண்டின் தமிழ். நம் தந்தையார் கையிலிருந்ததும் அதுவே. அவர் உபதேசியார், அஃதாவது, ஐயர் வர இயலாத சிற்றூர்களில் ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, இறந்தோரை அடக்கம் செய்யும் எளிய ஊழியர். இரவு தோறும் குடும்ப ஜெபத்தில் அரிக்கேன் விளக்கின் முன் அமர்ந்து 'தேவனே' என்று அவர் தொடங்கும் குரல் நம் செவியில் உள்ளது. அச்சொல் ஆதியிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்று அவர் நம்பியிருந்தார். நாமும் அவ்வாறே நம்பினோம். நாற்பது வயதைக் கடந்த பின்னர், நூலகத்தில் இவ்வரலாற்றைப் படித்தபோதுதான், அச்சொல் நம் தந்தையாரின் பாட்டனார் காலத்தில் ஒரு குழு கூடி விவாதித்து முடிவு செய்த சொல் என்று அறிந்தோம். அலுவலகத்தில் ஒரு கலைச்சொல்லுக்காக நாங்கள் நடத்தும் கூட்டங்கள் நினைவுக்கு வந்தன. தேநீர் ஆறுவதற்குள் முடிவு செய்து எழுந்துவிடும் கூட்டங்கள். அவ்வாறு பிறந்த பெயரைத்தானா நம் தந்தையார் சாகும்போதும் அழைத்தார் என்று எண்ணிச் சில மாதங்கள் நாம் ஜெபிக்காமலே இருந்தோம். அதனை இங்கே மறைப்பதிற் பயனில்லை.

இந்நிலையில்தான் மூவரும் வந்தழைத்தனர். மறு ஞாயிறு சென்றோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும் அறை, முப்பது பேர். முதலில் இளைஞர் தம் வழக்கை உரைத்தனர். ஞானஸ்நானம் என்றால் விளங்கவில்லை, திருமுழுக்கு என்றால் விளங்குகிறது. சுவிசேஷத்தைவிட நற்செய்தி எளிது. இரட்சிப்பு என்பதை எழுத்துக்கூட்டவே முடியவில்லை, மீட்பு என்பது இரண்டெழுத்துப் போல் நாவில் நிற்கிறது என்றனர். மொழிபெயர்ப்பாளர் என்னும் முறையில் அவர்கள் சொல்வதே சரி என்று நாம் ஒப்புக்கொண்டோம். 1950களில் மோனகன் தலைமையில் திருத்திய பதிப்பு வந்தபோதே தேவனுக்குப் பதில் 'கடவுள்' வந்துவிட்டது என்பதையும், பெரும்பாலான சபைகள் அதனை ஏற்காமல் பழையதையே வைத்துக்கொண்டன என்பதையும், 1995ஆம் ஆண்டுப் பதிப்பிலும் கடவுளே இருப்பதையும் எடுத்துரைத்தோம். தம்பிரான், சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று நானூறு ஆண்டுகளில் ஐந்து பெயர்கள். எதுவும் வானத்திலிருந்து விழுந்ததன்று. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் உறக்கமின்றித் தேடிய சொல்.

அப்போது மூதாட்டி எழுந்தார். "தம்பி, நீ படிச்சவன், சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா எழுபது வருசமா ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டேன். இனிமே வேற பேரு சொல்லிக் கூப்பிட்டா, யாரோ புதுசா ஒருத்தி வந்திருக்கான்னு நினைச்சிர மாட்டாரா?" என்று கேட்டார். இளைஞர் சிரித்தனர்; அவரும் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. 1833இல் சாஸ்திரியார் எழுப்பிய வாதத்தின் சாரம் இதுதான். அவரிடமிருந்த குறை இம்மூதாட்டியிடம் இல்லை. எவருடைய பாயையும் இவர் மறுத்தவரல்லர்.

நாம் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அவர்களே பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். வேத பாடத்தை இளைஞர் புதிய மொழிபெயர்ப்பிலிருந்து வாசிப்பர். ஜெபத்தில் அவரவர் தத்தம் பழக்கப்படி அழைப்பர். கூட்டத்தின் இறுதியில் எதிர்பாராத வகையில் நம்மையும் ஜெபிக்கச் சொன்னார்கள். கடவுளே என்று தொடங்க எண்ணினோம். இளைஞரை ஆதரித்துப் பேசியவர் அல்லவா? வாய் 'தேவனே' என்றது. அலுவலகத்தில் இந்தியும் ஆங்கிலமும், கடைத்தெருவில் மராத்தியும் பேசி வாழும் நமக்கு, ஜெபிக்கத் தெரிந்த மொழி அந்த அரிக்கேன் விளக்கின் தமிழ் ஒன்றுதான் போலும். அது பழக்கமா பக்தியா என்று பிரித்தறிய நம்மால் இயலவில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள எல்லை எங்கிருக்கிறது என்பதும் விளங்கவில்லை. அன்றிரவு பல மாதங்களுக்குப் பின் வீட்டில் குடும்ப ஜெபம் நடந்தது. நம் மகள் ஆங்கிலத்தில் ஜெபித்தாள்.

தேவநாகரித் தாள் வைத்திருந்த இளைஞன் மட்டும் மறு வாரம் தனியே வந்தான். எந்தப் பதிப்பாயினும் தனக்கு எழுத்துத் தெரியவேண்டுமே என்றான். சனிக்கிழமை மாலைகளில் கற்றுக்கொடுக்க இசைந்தோம். அவனோடு பிள்ளைகள் ஐவரும், நம் மகளும் சேர்ந்துகொண்டனர். சீகன்பால்கு எழுதிப் பழகியது போல் மணல் வேண்டும் என்று நாம் சொன்னோம். மும்பையில் நல்ல மணலுக்கு எங்கே போவது? மூதாட்டி ஒரு தாம்பாளத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பிக் கொண்டுவந்து வைத்தார். வகுப்பு முடிந்ததும் ஒரு மணி குறையாமல் திருப்பித் தரவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். உயிரெழுத்து முடிந்து, இப்போது ககர வரிசையில் இருக்கிறோம்.